ஒருதரம் குளிப்பாட்டிவிட்டுப் போங்க

உட்காருங்க அக்கா. அந்தப் பலகையை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்க. கையெல்லாம் ஈரம், நான் எழுந்து எடுத்துத் தர முடியவில்லை. மொச்சை பிதுக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்றே ஊறப் போட்டது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு அழுத்து, பருப்பு குண்டானில் விழுந்துவிடும், தோல் கையோடு நின்றுவிடும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒவ்வொன்றாகத்தான் பிதுக்க வேண்டும், அள்ளிப் பிதுக்க முடியாது. வேண்டாம் அக்கா, நீங்க கை வைக்காதீங்க, நகக்கண் எரியும். சும்மா பேசிக்கொண்டிருங்க. என் கை அது பாட்டுக்கு வேலை செய்யும்.

தண்ணீர் கேட்டீங்க இல்லையா. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், காலை ஆறு மணிக்கு. முதலில் எதிர்வீட்டுப் பாவாயி அக்கா பிடிப்பார்கள், அப்புறம் நாங்கள், அப்புறம் நீங்க. யாரும் சண்டை போடமாட்டார்கள். பாவாயி அக்கா பிடித்து முடிக்கிற வரைக்கும் குடத்தைக் குழாயடியில் வைக்காமல் இருந்தால் போதும்.

நீங்க குடிவந்து மூன்று நாளாகிறது, பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நான் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பாக நினைக்காதீங்க. எனக்குப் புது ஆளிடம் பேச வராது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுந்து வாசிக்கச் சொன்னால் அழுகை வந்துவிடும். ஏழாவதோடு நின்றுவிட்டேன். நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது, நானாகத்தான் நின்றேன். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

ஆனால் இன்றைக்குக் காலையில் ஒன்று பார்த்தேன். சொல்லலாமா கூடாதா என்று அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நீங்களே வந்துவிட்டீங்க.

உங்க வீட்டுக்காரர் துணி துவைத்தார். துவைத்துக் கொண்டுவந்து பொதுக்கொடியில் காயப்போட்டார். அவர் சட்டை வேட்டியைப் போட்டால் ஒன்றும் இல்லை அக்கா. உங்க சேலையையும் போட்டார். உள்பாவாடையையும் உதறி, சுருக்கம் எடுத்து, கிளிப் மாட்டினார். பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டு. பாவாயி அக்கா வாசல் கூட்டுகிற விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்கள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, கண்ணாலேயே ஒரு சிரிப்பு.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வாய் மட்டும்தான். நான் சொல்வது என்னவென்றால், துவைத்தால் துவைக்கட்டும், உங்க துணியை மட்டும் வீட்டுக்குள்ளே காயப்போடச் சொல்லுங்க. வெளியே தெரிய வேண்டாம்.

சிரிக்கிறீங்க. பரவாயில்லை. நான் பட்டவள், அதனால் சொல்கிறேன்.

எங்க வீட்டுக்காரரைப் பார்த்திருப்பீங்க. உயரமாக, யாரிடமும் பேசாமல் போவாரே, அவர்தான். டீக்கடைக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் நாலு மணிக்கு அவரைக் கூட்டிப்போக வண்டி வருகிறது. போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை. எங்க திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது அந்த வேலையில் இருப்பார்கள். வடக்கே ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று போவார்கள். போனால் பத்து மாதம். இந்தத் தடவை வந்து பதினைந்து நாள் இருந்தார். போன வாரத்திலிருந்து அவரிடம் ஒன்று கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்கவில்லை. இன்றைக்கு விட்டால் அப்புறம் பத்து மாதம்.

பெரிதாக ஒன்றும் இல்லை அக்கா. சொன்னால் இதற்கா என்பீங்க. எங்க பையனை அவர் ஒருதரம் குளிப்பாட்ட வேண்டும். ஒரே ஒருதரம்.

கனிஷ்கா, தம்பி முழித்துக்கொண்டானா பார் கண்ணு. இல்லையா? தொட்டிலைத் தொடாதே. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திரு.

இவள்தான் மூத்தவள். நாலு வயசு ஆகிறது. இவள் பிறந்ததிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

முதல் பிரசவம் அம்மா வீட்டில் பார்ப்பதுதானே வழக்கம். எனக்கு அம்மா இல்லை. அண்ணன் வீடுதான். அண்ணி முன்கூட்டியே தனக்கு முதுகுவலி என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் அப்போது பெரிய மகன் வீட்டில் படுத்த படுக்கை. வயிற்றைக் கிழித்துத்தான் இவளை எடுத்தார்கள். திரும்பிப் படுக்கவே இன்னொருத்தர் கை வேண்டும். பார்க்க ஆளில்லை என்றதும் இவர் வண்டியில் மூன்று மாதம் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்த வண்டியில் எங்க அண்ணன்தான் டிரில்லர், மேலாள் மாதிரி. இவரை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அண்ணன்தான். 'பொண்டாட்டி பிரசவத்துக்கு மூணு மாசம் லீவு கேக்கற முத ஆளு நீதான் மாப்ள' என்றானாம்.

வந்தவர் கைலியை மடித்துக் கட்டினார், அடுப்படிக்குள் போனார். பூண்டுக் குழம்பு, பத்தியச் சோறு, எனக்கு வெந்நீர், குழந்தை துணி, எல்லாம் அவர்தான். நன்றாகச் செய்தார் அக்கா. வண்டியில் பன்னிரண்டு பேருக்குப் பொங்கிப் போட்டவர். சேர்ந்த புதிதில் இரண்டு வருசம் அங்கே சமையல் வேலைதான் அவருக்கு. அங்கே எந்தப் பொம்பளை இருக்கிறாள்? ஆக்குவது, கழுவுவது, துவைப்பது எல்லாம் ஆம்பளைகள்தான். எங்க அண்ணனே அங்கே அவன் துணியை அவன்தான் துவைக்கிறான். இங்கே வந்தால் குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்கமாட்டான்.

என் தீட்டுத் துணியை இவர் துவைத்த அன்றைக்கு நான் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதேன். சந்தோசத்தில் என்று நினைத்துவிடாதீங்க. அவமானம். எனக்குப் பாவம் சேருகிறது, வேண்டாம் என்று கும்பிட்டேன். 'கிரீசு, சேறு எல்லாந் தொவைக்கறேன், இதுல என்ன வந்துச்சு' என்று பிழிந்துகொண்டே சொன்னார்.

குழந்தையைக் குளிப்பாட்ட முதல் பதினோரு நாள் பாவாயி அக்கா வந்தார்கள். இந்தத் தெருவில் பிறந்த குழந்தை எல்லாம் அவர்கள் கால்மேல் கிடந்ததுதான். அப்புறம் அவர்கள் மகளுக்குப் பிரசவம் என்று ஈரோட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருக்கிறேன், இவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தா அந்தத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டார். பதினோரு நாளும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது.

அவர் கால் நீளம். குழந்தை முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும்கூட வரவில்லை. நெற்றிமேல் இடது கையை அணை மாதிரி வைத்துக்கொண்டு வலது கையால் சொம்பைச் சாய்ப்பார். கண்ணில் ஒரு சொட்டு போகாது. ஊற்றும்போது பேச்சு வேறு. ரிக்கில் ஒரு ராடு இறங்கினால் இருபது அடி என்று கணக்குச் சொல்வார்களாம். ஒரு சொம்புக்கு இருபதடி, அடுத்த சொம்புக்கு நாற்பதடி, அறுபதடி என்று சொல்லிக்கொண்டே போவார். கடைசிச் சொம்பில் 'தண்ணி வந்திருச்சு' என்பார். அந்தப் பச்சைக் குழந்தைக்கு என்ன தெரியும். ஆனால் மூன்றாம் மாதத்தில் அந்த வார்த்தைக்கு அது சிரிக்க ஆரம்பித்தது. நான் உள்ளே படுத்துக்கொண்டு கேட்பேன்.

லீவு முடிந்தது, இவர் போகவில்லை. இங்கேயே ஒரு தறிப்பட்டறையில் பேசி வைத்திருந்தார். கூலி குறைவுதான், ஆனால் வீட்டோடு இருக்கலாம். 'இனி வண்டிக்குப் போகல நவமணி. இவ நடக்கறதப் பாக்கோணும்' என்றார். என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார் அப்போதெல்லாம். எனக்குச் சந்தோசமாக இருக்க வேண்டும் இல்லையா? எனக்குப் பயமாக இருந்தது அக்கா. அண்ணன் என்ன சொல்வான், தெரு என்ன சொல்லும், அதுதான் முதலில் தோன்றியது.

பாவாயி அக்கா ஈரோட்டிலிருந்து திரும்பி வந்தார்கள். நேராகக் குழந்தையைத்தான் பார்க்க வந்தார்கள். தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். 'உருட்டி வெச்சாப்ல இருக்குது. யாரு கண்ணு குளிப்பாட்டறது?' என்றார்கள். நான் வாயைத் திறந்து, 'நான்தாங்க அக்கா' என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. தானாக வந்தது. இவர் அடுப்படியில் இருந்தார். நடுவில் ஒரு சுவர்தான், கேட்காமல் இருக்குமா?

 கோபப்படவில்லை. மறுநாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்ட உட்காரும் முன்னால் எழுந்து போய் இந்தக் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அதுவரைக்கும் சாத்தியதில்லை. அன்றைக்கு ராடு கணக்கையும் சத்தம் இல்லாமல் வாய்க்குள்ளேயே சொன்னார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்லவேளை, நான் சொல்லாமலே புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

எவ்வளவு நாள் மறைக்க முடியும்? லைன் வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பாவாயி அக்கா ஒருநாள் சர்க்கரை கேட்க வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். 'ஏஞ்சாமி, அடுத்ததை நீயே பெத்துப்போடு, நவமணி ரெஸ்ட் எடுக்கட்டும்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் சிரித்தார். 'பாக்கலாங்க அக்கா' என்றார். அவருக்கு உறைக்கவே இல்லை. எனக்குத்தான் தண்ணீர் பிடிக்கப் போகவே கால் கூசியது. குழாயடியில் எல்லாரும் என்னிடம் நலம் விசாரிக்கிற மாதிரி அவரைப் பற்றித்தான் கேட்பார்கள். இன்றைக்கு உங்க வீட்டில் என்ன சமையலாம், அவரைக் கேட்டுச் சொல்லேன் என்பார்கள்.

ஒன்பதாம் மாதத்தில் குலசாமி கோயிலில் காது குத்து வைத்தோம். எழுபது எண்பது பேர் இருக்கும். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும். அண்ணன் புது வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குழந்தை அவன் மடியில் இருக்கமாட்டேன் என்று வீறிட்டுக் கத்துகிறது. முடி எடுத்ததிலிருந்தே அழுகை. நான் வாங்கினேன், என்னிடமும் நிற்கவில்லை. கூட்டத்துக்குள் பார்த்து இரண்டு கையையும் நீட்டுகிறது. இவர் பந்திக்கு இலை எடுத்துக்கொண்டிருந்தவர், அப்படியே போட்டுவிட்டு வந்து வாங்கினார். தோள் துண்டில் முகத்தைத் துடைத்து, காதுக்குள் என்னவோ சொன்னார். உடனே அழுகை நின்றுவிட்டது.

அண்ணன் உட்கார்ந்தபடியே எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். 'எங்க மாப்ளைகிட்ட எல்லாம் இருக்குது. பால் ஒண்ணுதான் இன்னும் ஊறல.'

அக்கா, அந்தச் சிரிப்பை நீங்க கேட்டிருக்க வேண்டும். கிழவர்கள், சின்னப் பிள்ளைகள், காது குத்த வந்த ஆசாரி முதல்கொண்டு. இவரும் லேசாகச் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணனை ஏதாவது கேட்டிருந்தால், ஒரு முறைப்பு முறைத்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். சிரித்துக்கொண்டு குழந்தையைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்.

அதுவரைக்கும் என் குரலை அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. கல்யாணத்தில்கூடத் தலையைக் குனிந்தே இருந்தவள் நான். அன்றைக்கு நான் போய் அவர் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கினேன். 'உங்களுக்கு வெக்கமே இல்லீங்களா? இனிமே இவளத் தொடாதீங்க. வண்டிக்குப் போங்க. நாலு ஆம்பளைகளாட்டம் இருங்க' என்றேன்.

எண்பது பேர் கேட்டார்கள். அண்ணி என் தோளைத் தட்டி, இப்போதாவது வாயைத் திறந்தாயே என்றார்கள். எனக்கு அந்த நேரத்தில் பெருமையாகக்கூட இருந்தது.

இவர் 'செரி' என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இலை எடுக்கப் போய்விட்டார்.

நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன், நீங்களே சொல்லுங்க. எல்லாரும் மனசில் நினைத்ததைத்தானே சொன்னேன்? பொண்டாட்டி சொன்னதற்கு ஒரு அடி அடித்துவிட்டு மறந்துவிடுகிற ஆம்பளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள். இவர் அடிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் எண்ணெய்க் கிண்ணம் வைத்த இடத்திலேயே இருந்தது. நான்தான் காலை நீட்டி உட்கார்ந்தேன். எனக்கு வரவில்லை அக்கா. பெற்றவள், எனக்கு வரவில்லை. குழந்தை வழுக்குகிறது. மூக்கில் தண்ணீர் ஏறி மூச்சுத் திணறியது. இவர் முன்னறையில் இருந்தவர் ஓடிவந்தார். இதோ இந்த நிலைப்படி வரைக்கும் வந்தார், அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கவில்லை. 'தலையக் கொஞ்சம் தூக்கிப் புடி' என்றார். அவ்வளவுதான். நான் தூக்கிப் பிடித்தேன். திரும்பிப் போய்விட்டார்.

வாங்க, இந்தாங்க, பிடியுங்க என்று ஒரு வார்த்தை அன்றைக்கு நான் சொல்லியிருந்தால்? சொல்லவில்லை. அவரே வரட்டும் என்று இருந்தேன். நாலாம் நாள் அண்ணனோடு வண்டிக்குப் போய்விட்டார்.

அவர் போன பதினெட்டாம் நாள் கனிஷ்கா நடந்தாள். போனில் சொன்னேன். 'செரி' என்றார். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம். அப்புறம், 'விழுந்திராம பாத்துக்க' என்றார்.

பத்து மாதம் கழித்து வந்தபோது இவளுக்கு அவரைத் தெரியவில்லை. தாடியைப் பார்த்து அழுதாள். அவர் கையை நீட்டவே இல்லை. கொண்டுபோய் உள்ளே விடு என்றார். இப்போது வீட்டுக்கு வந்தால் எப்படி இருப்பார் தெரியுமா? ஆம்பளை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருப்பார். தண்ணீர்க்குடம் பக்கத்திலேயே இருக்கும், நான் வந்துதான் மொண்டு தர வேண்டும். தட்டிலேயே கை கழுவுவார். அடுப்படிப் பக்கம் வருவதில்லை. 'ஏய்' என்றுதான் கூப்பிடுகிறார். பாவாயி அக்கா போன வருசம் என்னிடம், 'இப்பத்தான் மனுசனாட்டம் இருக்கறான்' என்றார்கள். குழாயடியில் ஒருத்தரும் எதுவும் கேட்பதில்லை. அந்தத் தொந்தரவு போய்விட்டது. அதைச் சொல்ல வேண்டும்.

பையன் ஆடியில் பிறந்தான். இவர் ராஜஸ்தானில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குப் போன் போட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, வந்துவிடுங்க என்றேன்.  மெதுவாக, கோபமே இல்லாமல், 'நான் வந்து என்ன பண்ணறது? அதெல்லாம் பொம்பளைங்க பாக்கற வேலை. உங்க அண்ணிய வரச்சொல்லு' என்றார்.

குத்திக்காட்டினார் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் குத்திக்காட்டவில்லை அக்கா. நிசமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். குத்திக்காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணி இரண்டு நாள் வந்தார்கள், மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. பாவாயி அக்காவுக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை. தையல் பிரிக்கும் முன்னாலேயே நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். கனிஷ்காதான் சொம்பை எடுத்துக் கொடுப்பாள், தம்பி துணியை அலசிக் கொண்டுவருவாள். மூன்றரை வயசுதான் அப்போது. பொட்டைப்பிள்ளை, பழக வேண்டியதுதானே. அவள் பாடு அவளுக்கு. பையனை நான் அப்படி வளர்க்கமாட்டேன். அவனை ஒரு பாத்திரம் தொடவிடமாட்டேன். நாளைக்கு அவனைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? தோல் ஏதாவது முகத்தில் ஒட்டியிருக்கிறதா?

போன வாரம் ஒன்று நடந்தது. அதற்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன். பையனுக்குச் சளி, காய்ச்சல். இறக்கிவிட்டால் அழுகை. அடுப்பில் சோறு பொங்கி வழிகிறது. வேறு வழியில்லாமல் இவர் மடியில் வைத்துவிட்டு ஓடினேன். கஞ்சி வடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். மூட்டையைப் பிடிக்கிற மாதிரி, உடம்பில் படாமல் எட்டப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பையன் கழுத்து ஒரு பக்கம் சாய்கிறது. அட, கை மறந்துவிட்டதே என்று நினைத்தேன். மூன்று வருசத்துக்கு மேல் ஆகிறதே, இரும்பைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன். அவர் பையனைப் பார்க்கவே இல்லை. வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கதவு திறந்திருந்தது. தெருவில் யாரோ போனார்கள். அவர்கள் தாண்டிப் போகிற வரைக்கும் அப்படியே இருந்தார். தாண்டினதும், அக்கா, ஒரே ஒரு விநாடி, இடது கை தானாகப் போய்ப் பையன் கழுத்துக்குக் கீழே அணை கொடுத்தது. பெருவிரல் காதுக்குப் பின்னால், கனிஷ்காவைப் பிடித்த அதே மாதிரி. உடனே எடுத்துவிட்டார். இந்தா, வாங்கிக்கொள் என்று என்னைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்.

மறக்கவில்லை. கை மறக்கவே இல்லை.

அந்த நிமிசத்திலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. அப்போதே போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே தள்ளிவிட்டேன். கல்யாணமாகி ஆறு வருசம், இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, இவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அன்றைக்கு எண்பது பேருக்கு நடுவில் எங்கிருந்து வந்தது அந்தச் சத்தம்? அந்தச் சத்தத்தில் கால்வாசி இப்போது வந்தால் போதும்.

இன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். அதோ, வெந்நீர் அடுப்பில் இருக்கிறது. பையன் முழிக்கிற நேரம்தான். இவர் சாப்பாட்டுக்கு வருவார், வந்ததும் வாசல் கதவு, கொல்லைக் கதவு இரண்டையும் சாத்திவிடுவேன். யாருக்கும் தெரியப்போவதில்லை, அது முக்கியம். எண்ணெய்க் கிண்ணத்தை அவர் முன்னால் வைப்பேன். வாயில் பேச்சு வராவிட்டாலும் கிண்ணத்தைப் பார்த்தால் புரியும் இல்லையா? இல்லை, புரிந்தும் புரியாத மாதிரி இருந்துவிட்டால்? சொல்லிவிட வேண்டும். மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன். கேளுங்க, சரியாக இருக்கிறதா பாருங்க. அன்றைக்குக் கோயிலில் நான் அப்படிச் சொன்னது தப்புதாங்க. உங்களைப் பார்த்துச் சிரித்தது அவங்க, அதற்கு உங்களைத் திட்டினது நான். பையனை ஒருதரம் குளிப்பாட்டிவிட்டுப் போங்க. இவ்வளவுதான். நீளமாக இருக்கிறதா? முதல் வரியை விட்டுவிடலாமா? தப்பு என்று சொன்னால் ஆம்பளைக்குக் கோபம் வருமா, மனசு குளிருமா? உங்க வீட்டுக்காரரிடம் நீங்க எப்படிச் சொல்வீங்க? நீங்க எல்லாம் சிரித்துப் பேசிக்கொள்கிறீங்க, எனக்கு அது தெரியாது. காலையில் அவர் துணியை உதறியபோது உங்க முகத்தில் தண்ணீர் தெறித்தது, நீங்க அவரை என்னவோ திட்டினீங்க, அவர் மறுபடியும் உதறினார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது என்ன நினைப்பு என்று உங்களிடம் மறைக்கமாட்டேன், ஐயோ, தெருவில் எல்லாரும் பார்க்கிறார்களே என்றுதான் வந்தது. ஆனால் இரண்டாவதாக ஒன்று வந்தது அக்கா, அது என்னவென்றால்...

என்ன சத்தம் அது? வாசலில்தானே? வண்டியா? நாலு மணிக்கென்று சொன்னாரே, மணி பன்னிரண்டுகூட ஆகவில்லையே.

'ஏய். வண்டி வந்திருச்சு. துணிப்பைய எடுத்துட்டு வா.'

வந்துட்டேனுங்க. இதோ. அக்கா, குண்டானைக் கொஞ்சம் நகர்த்துங்க, காலில் படும். கனிஷ்கா, தம்பியைத் தூக்கு, இல்லை நீ தூக்காதே, நானே தூக்குகிறேன். கூட நாலு பேர் இறங்கியிருக்கிறார்கள், அண்ணன் குரல் கேட்கிறது. ஏனுங்க, ஒரு நிமிசம் உள்ள வந்துட்டுப் போங்க, பையனை ஒருதரம்...